கரோல் வேனில் எரிந்த சிவப்பு விளக்கு

சென்ற ஞாயிறு மாலை, எங்கள் தேவாலயத்துக் கரோல் வேன் பாடிக்கொண்டே வந்து, என் வீட்டு வாசலில் ஊமையாகிவிட்டது.

நான் வியப்படையவில்லை. மலேசியாவில் மந்தின் ஊரை ஒட்டிய இந்தத் தோட்டப் பகுதிக் கிறிஸ்தவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு திரும்பாத துக்க வீட்டைக் கடக்கும்போது ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்கள், பாட மாட்டார்கள். துக்க வீட்டுக்காரரும் பாடச் சொல்வதில்லை.

கடந்த ஆண்டுவரை அந்த வேனின் முன் இருக்கையில் மைக் பிடித்தவள் என் மனைவி. ஆகஸ்டில் காலமானாள். ஆகவே, இந்த ஆண்டு எங்கள் வாசலில் பாட்டு இல்லை. ஒன்றையாவது கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை.

ஆனால்... வேன் நகரவில்லையே?

“கிளமென்ட், வண்டிய எடு லா! சார் வீட்டு முன்னாடியா நிப்பாட்டுவ?” – பாடகர் குழுத் தலைவி மேரியின் அடங்கிய குரல் சன்னல் வழியே வந்தது.

“நான் ஸ்பீக்கர ஆஃப் பண்ணலக்கா. அதுவா கட் ஆயிருச்சு, என்னன்னு பாக்கத்தான் நிப்பாட்டுனேன். பேட்டரி செத்துப்...”

யாரோ அவரைக் கிள்ளியிருக்க வேண்டும்.

“...படுத்துருச்சு லா. பேட்டரி படுத்துருச்சு.”

மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் வேறு எதை எடுத்துக்கொண்டு போவான்?

“ஐயோ சார், மன்னிச்சிருங்க. இப்பவே போயிர்றோம்,” என்றார் கிளமென்ட்.

“ஸ்பீக்கர் இல்லாம தோட்டத்துல போயி என்ன செய்வீங்க? பின் கதவத் தொறப்பா.”

ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உங்கள் காரிலும் பார்த்திருப்பீர்கள். சிவப்பைக் கண்டதும் கருவியே போய்விட்டதென்று கடைக்கு ஓடுகிறோம். பாவம், தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அது வாயை மூடியிருக்கிறது.

பேட்டரியை அளந்தேன் – குறையில்லை. ஃபியூஸ் – நன்றாக இருந்தது. மிச்சம், எர்த் வயர். வேனின் தகரத்தைத் தொட வேண்டிய அந்தக் கறுப்பு வயரை, பெயின்ட்டின் மேலேயே திருகி வைத்திருந்தார் கிளமென்ட். பெயின்ட் மின்சாரத்தை விடுமா? மெல்லப் பேசும்வரை எப்படியோ சமாளிக்கும். பாட்டில் பேஸ் ஒலி அதிர்ந்தால் வோல்ட் சரியும், ஆம்ப் அணைந்துவிடும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். பிறகு பெயின்ட்டைச் சேன்ட் பேப்பரால் தேய்த்து, வெறும் தகரத்தில் வயரை இறுக்கினோம். முனையை மீண்டும் மாட்டியதும் விளக்கு பச்சையானது.

“ஹலோ, ஹலோ... சத்து, டுவா, தீகா...” என்று மலாயில் எண்ணிப் பார்த்தார் கிளமென்ட் மைக்கில். “ஓகே சார், கிளம்பறோம்.”

“போதாது,” என்றேன். “வெறும் பேச்சுக்கு அது கட் ஆகாது. கீபோர்டோட முழுப் பாட்டு வேணும். சத்தமா.”

சொன்னது அத்தனையும் உண்மை. எந்த மெக்கானிக்கிடமும் கேட்டுப் பாருங்கள்.

மேரி என்னையே பார்த்தார். “இங்கயேவா சார்?”

“வேற எங்க? மீட்டர் என்கிட்டதானே இருக்கு.”

பாடினார்கள். எந்தப் பாட்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் மீட்டரின் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி அடிவரை வோல்ட் சரியவில்லை.

பழுதுகளைச் சபித்தே பழகியவர்கள் நாம். எனக்கோ, இத்தனை வீடுகளைத் தாண்டி வந்து என் வாசலில் நின்றுபோன அந்த ஆம்ப்ளிஃபையருக்கும், பெயின்ட்டைச் சுரண்டச் சோம்பல்பட்ட கிளமென்ட்டுக்கும் நன்றி சொல்லத் தோன்றியது.

மேரி மைக்கைக் கீழே வைக்கவில்லை.

“சார்... ஒரு பாட்டுல தெரிஞ்சிருமா? இன்னொன்னும் டெஸ்ட் பண்ணிரலாமா?”

ஒரே சோதனையை நம்பி முடிவுக்கு வரக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். வேண்டாம் என்றா சொல்வேன்?