வால்வு அண்ணனின் நாற்பது நாள்

வால்வு அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் யார் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறது. தெருவில், கடையில், சபையில் எல்லோருக்கும் அவர் வால்வு அண்ணன்தான். குழாய் வேலை செய்கிறவர் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அவருடைய கோபம். வால்வு என்றால் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். இவருக்குத் திறக்க மட்டும்தான் வரும்.

ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே படுத்தால் பாதி உடம்பு உள்ளே, பாதி கூடத்தில். உள்ளே இருந்து குரல் மட்டும் வரும்: "யாரு இந்தத் துணியை இதுக்குள்ள தள்ளினது? துணி போடுற இடமா இது? அறிவு வேணாம்?" வீட்டுக்காரர்கள் கால் மணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். பிறகு அண்ணன் எழுந்து வந்து, தரையைத் தானே துடைத்துவிட்டு, "இனிமே ஒழுகாது" என்பார். ஒழுகவும் ஒழுகாது. அதனால்தான் திட்டு வாங்கியவர்களே அடுத்த தடவையும் அவரையே கூப்பிட்டார்கள்.

சபையில் அவருக்கு ஒரு தனிப் பொறுப்பு இருந்தது. மேடைப் பலகைகளைத் தூக்கினால் கீழே ஓடு பதித்த தொட்டி, நான்கு படி, நெஞ்சளவு ஆழம். வருஷத்துக்கு இரண்டு தடவை அதில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். சனிக்கிழமை தொட்டியைக் கழுவி நிரப்புவது, ஞாயிறு காலையில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பது, எல்லாம் முடிந்தபின் வடிப்பது, மூன்றும் பத்தொன்பது வருஷமாக அவர் வேலை. அவர் மனைவி தையல்காரி. முழுகுகிறவர்கள் போடுகிற வெள்ளை அங்கிகளை அவள்தான் தைப்பாள். தண்ணீரில் அங்கி மேலே மிதந்து மானத்தை வாங்காமல் இருக்க, கீழ் மடிப்புக்குள் அண்ணன் கொடுக்கிற இரும்பு வாஷர்கள் நான்கை வைத்துத் தைத்துவிடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இதுவரை இருநூறு பேரையாவது தண்ணீருக்குள் அனுப்பியிருப்பார்கள்.

அந்த அங்கிகளில் ஒன்று மட்டும் யாருக்கும் சேரவில்லை. அவ்வளவு பெரியது. "யானைக்கா தைச்சே?" என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "துணி மிச்சம் இருந்துச்சு" என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சொல்லி, அதையும் துவைத்து இஸ்திரி போட்டு அலமாரியில் வைப்பாள்.

இப்போது அண்ணனின் ரகசியத்துக்கு வருவோம். இருநூறு பேருக்குத் தண்ணீர் நிரப்பிய அந்த மனிதர் ஒரு தடவைகூட அதில் இறங்கியதில்லை. அவர் ஞானஸ்நானம் எடுக்கவே இல்லை.

பத்தொன்பது வயதில், பிறந்த ஊரில் அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. அந்தக் காலையில் சபைக்குப் போகிற வழியில் ஒரு சைக்கிள்காரன் சேற்றை வாரி இறைத்துவிட்டான். இவர் அவனைப் பிடித்து இறக்கி ஒரு அறை விட்டார். அடித்த கையைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தக் கையோடு அந்தத் தண்ணீரிலா? திரும்பி நடந்தவர் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். தொடர்ந்து நாற்பது நாள் கோபப்படாமல் இருக்க வேண்டும். இருந்துவிட்டால் போய் எடுத்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். அதிகபட்சம் பதினொரு நாள். அதிலும் ஏழு நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார், "ஞானஸ்நானம் எடுத்தாச்சுதானே?" என்றார். எப்படியும் நாற்பது நாளில் எடுத்துவிடப் போகிறோமே என்று தலையாட்டினார். இந்த ஊருக்கு வந்து சபையில் சேர்ந்தபோது செயலாளர் படிவத்தை வைத்துக்கொண்டு அதையே கேட்டார். பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மறுபடியும் தலையாட்டினார். இரண்டே இரண்டு தலையாட்டல். அதற்கப்புறம் வாயைத் திறக்க வழியில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும் நற்கருணை அப்பமும் ரசமும் கொடுக்கிற நேரத்தில், எடுக்கவும் மனம் வராது, எடுக்காமல் உட்கார்ந்திருக்கவும் முடியாது. "மோட்டாரைப் பார்த்துட்டு வரேன்" என்று நழுவிவிடுவார். அந்தச் சபை மோட்டார் அளவுக்குக் கவனிக்கப்பட்ட மோட்டார் உலகத்தில் வேறு இருக்காது.

வண்டி இப்படியே ஓடியிருக்கும். மகள் வந்து பிரேக் போட்டாள்.

மகளுக்கு இருபது வயது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. அப்பாவின் உயரம், அப்பாவின் மூக்கு, அந்த மூக்கின் மேல் அப்பாவின் கோபம். அவள் ஒருநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டே, "இந்தத் தடவை நான் ஞானஸ்நானம் எடுக்கிறேன்" என்றாள்.

அண்ணனுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வந்தது. "உனக்குத்தான் பொசுக்குன்னு கோபம் வருதே. நேத்துகூட அந்த வார்டுபாய்கிட்ட கத்தினேன்னு சொன்னே."

"வருதுப்பா. அதனாலதான் போறேன். எனக்கு உதவி வேணும். சரி, அந்தப் பக்கம் யாரு பிடிக்கிறது? நீங்கதானே?"

அந்தச் சபையில் ஒரு வழக்கம். முழுகுகிறவரை ஒரு பக்கம் போதகர் பிடிப்பார், மறுபக்கம் ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்த உறவு ஒருவர் பிடிக்க வேண்டும். சும்மா பிடித்தால் போதாது. முதலில் போதகர் அந்த உறவைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கேட்பார்: "நீர் பெற்ற ஞானஸ்நானத்தில் நிலைத்திருக்கிறீரா?" அவர் ஆம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"அம்மா பிடிக்கட்டுமே" என்றார் அண்ணன்.

தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமல் மனைவி சொன்னாள்: "எனக்கு மூட்டு வலி. படி இறங்க முடியாது."

முந்தின நாள்தான் அவள் காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறி வந்தாள். அண்ணனுக்கு அது ஞாபகம் வரவில்லை. தலையாட்டுவதற்கும் வாயைத் திறந்து பொய் சொல்வதற்கும் உள்ள தூரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதுவும் தண்ணீருக்குள் நின்று, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. ஞானஸ்நான ஆராதனைக்கு இருந்த மூன்று வாரமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எண்ணிக்கை இரண்டாம் நாளைத் தாண்டவும் இல்லை.

சனிக்கிழமை வந்தது. தொட்டிக்குத் தண்ணீர் வருகிற பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிது போட்டிருந்தார். போதகர் இந்தச் சபைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இளைஞர், எதற்கும் பதறுகிறவர். இது அவருக்கு இங்கே முதல் ஞானஸ்நான ஆராதனை. மேடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"அண்ணா, எங்கேயும் ஒழுகாதுன்னு முழுசா உறுதியானப்புறம் தண்ணி விடலாமா? அதுவரைக்கும் காய வச்சிருப்போமே?"

அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன பேசறீங்க ஐயா? தண்ணி விடாம ஒழுகுமா ஒழுகாதான்னு எப்படித் தெரியும்? காஞ்சு கிடக்கிற குழாய் நூறு வருஷம் ஆனாலும் ஒழுகாது. அதுக்குப் பேரு நல்ல குழாயா? முதல்ல தண்ணி விடணும். ஒழுகுற இடம் அப்பத்தான் தெரியும். அடைக்கணும். இன்னொரு இடத்துல ஒழுகும், அதையும் அடைக்கணும். தண்ணி ஓட ஓடத்தான் குழாய் சரியாகும். சரியானப்புறம் தண்ணி விடறேன்னு உலகத்துல எவனாவது..."

அங்கே நிறுத்திவிட்டார். திறந்த வாய் திறந்தபடி இருந்தது.

"எவனாவது?" என்றார் போதகர்.

"ஒண்ணுமில்ல" என்று அண்ணன் குழாயைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்தது. இரண்டாவது இணைப்பில் சொட்டியது. இறுக்கினார். மேடை ஓரத்தில் உட்கார்ந்து, தொட்டி நிரம்புவதை நான்கு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எவனாவது என்றால் எவன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தேழு வருஷமாகக் காய்ந்து கிடக்கிறவன்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியையும் மகளையும் உட்கார வைத்தார். சைக்கிள்காரன், அறை, நாற்பது நாள், இரண்டு தலையாட்டல் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "நாளைக்கு நான் உன்னைப் பிடிக்க முடியாதும்மா. எனக்குத் தகுதி இல்ல. ஆம்னு பொய் சொல்ல மாட்டேன், அதுவும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு" என்று முடித்தார்.

மகள் சுவரைப் பார்த்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். நிஜமாகவே வலித்திருந்தது அவளுக்கு. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நாற்பது நாளா? உங்களால நாற்பது நிமிஷம் முடியாதேப்பா!" அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மனைவி எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து அந்தப் பெரிய அங்கியை அவர் மடியில் வைத்தாள்.

அண்ணன் விழித்தார். "இது..."

"யானைக்குத் தைச்சது."

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமாகி மூணாவது மாசமே உங்க அம்மா சொல்லிட்டாங்க. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். நல்லாத்தான் காக்க வச்சீங்க. பத்தொன்பது வருஷமா இஸ்திரி போடறேன். மோட்டார் பார்க்கப் போறாராம், மோட்டார்!"

அவர் அங்கியின் கீழ் மடிப்பைத் தடவினார். வாஷர்கள் தட்டுப்பட்டன. நான்கு இல்லை, எட்டு இருந்தன. அவருடைய பெட்டியில் இருந்தே எடுத்திருக்கிறாள்.

மூன்று பேருமாகப் போதகர் வீட்டுக்கு நடந்தார்கள். போதகர் முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணா, இது படிச்சு முடிச்சவங்களுக்குக் கொடுக்கிற பட்டம் இல்ல. பொறக்கிற நாள். பொறந்த குழந்தையை யாரும் நடக்கச் சொல்றதில்ல. வளர்ச்சி எல்லாம் அதுக்கப்புறம்தான். ஆனா அந்தப் பொய்யை நீங்க எல்லார் முன்னாலயும் சொல்லணும். சொல்லுவீங்களா?"

"சொல்றேன் ஐயா."

"அப்போ நாளைக்கு முதல் ஆள் நீங்கதான். தண்ணி சூடு பத்தி நீங்க யாரையும் குறை சொல்லவும் முடியாது."

ஞாயிறு காலை, வெள்ளை அங்கியில் வால்வு அண்ணன் மேடையில் நின்றபோது சபையே கழுத்தை நீட்டிப் பார்த்தது. "நான் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல. எடுத்ததா ரெண்டு தடவை தலையாட்டினேன். பொய். மன்னிச்சிடுங்க" என்றார். ஒத்திகை பார்த்தது இன்னும் நிறைய இருந்தது, வாயில் வந்தது இவ்வளவுதான். செயலாளர், அண்ணனை ஞானஸ்நானம் எடுத்தவர் என்று எழுதித் தன் கையெழுத்துப் போட்ட பதிவேட்டை மடியில் இறுக்கி அணைத்துக்கொண்டார். மறுபக்கம் பிடிக்க மனைவி வந்தாள். நான்கு படியையும் மூட்டு வலி இல்லாமல் இறங்கினாள்.

தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. அவர் நிரப்பிய தண்ணீர்தான், அவர் முழங்கை பார்த்த சூடுதான். ஆனாலும் எழுந்தபோது அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுது சபை பார்த்ததில்லை. தொட்டியை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை. சொட்டச் சொட்ட அதே தண்ணீரில் நின்றார்.

மகள் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள். போதகர் அவர் பக்கம் திரும்பினார். "நீர் பெற்ற ஞானஸ்நானத்தில் நிலைத்திருக்கிறீரா?"

"ஆம்" என்றார் அண்ணன். உண்மையைச் சொல்கிறவர் முழுசாகச் சொல்ல வேண்டுமே என்று, "பத்து நிமிஷமா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மகள் முழுகி எழுந்துவிட்டாள்.

அது மாதத்தின் முதல் ஞாயிறு. எல்லோரும் உடை மாற்றி வந்தபின் நற்கருணை தொடங்கியது. அப்பத் தட்டு முன் வரிசையில் நகர்கிறபோது, கூரையில் இருந்து சளசளவென்று சத்தம். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிறது. பத்தரைக்கு மோட்டாரை நிறுத்தச் சொல்லிச் செயலாளரிடம் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பதிவேட்டு அதிர்ச்சியில் மனிதர் மறந்துவிட்டார். வழக்கப்படி எல்லாத் தலைகளும் வால்வு அண்ணன் பக்கம் திரும்பின.

அண்ணனின் காது மடல் சிவந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டு அவரிடம் வந்தது. எடுத்தார். கிண்ணம் வந்தது. குடித்தார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

ஆராதனை முடிந்த கையோடு வெளியே பாய்ந்தார். அவர் குரல் தெருமுனை வரை கேட்டது. செயலாளரின் குரல் கேட்கவே இல்லை. பிறகு இரண்டு குரலும் இல்லை. சற்று நேரத்தில் அண்ணன் உள்ளே வந்து மகள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே மகள் கேட்டாள்: "கத்தினீங்களா?"

"கத்தினேன். பாதியிலேயே நிறுத்திட்டு மன்னிப்பு கேட்டேன். அந்த மனுஷன் பயந்துட்டார். நான் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லையே."

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

அண்ணன் விரலை மடக்கப் போனார். பிறகு கையை விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"முதல் நாள்தான்" என்றார்.