முழுசா சொல்லுங்க

கடைசி பிஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டே, "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பார் கேள்விக்காரர். யாராவது தலையசைத்தால் போதும், அது வாய்க்குள் போய்விடும். ஆனால் பழைய காகிதக் கட்டைக் குப்பையில் போடுவதென்றால் தலையசைப்பு செல்லாது. "வாயத் திறந்து முழுசா சொல்லுங்க" என்பார். போட்டது திரும்பி வராதாம்.

அகராதி அலுவலகத்தில் கணினி வேலை இவருடையது. கேள்விக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய எடிட்டரில்தான் அங்கே எல்லாரும் தட்டச்சு செய்கிறார்கள். திரையின் அடிவரியில் அது கேட்கும் கேள்விகள் அத்தனையும் இவர் கைவண்ணம். சில்லறைக் கேள்வி என்றால் "ஆ" என்று ஓரெழுத்து தட்டினால் போதும். போனால் வராத காரியம் என்றால் "ஆமாம்" என்று முழுதாக எழுதி என்டர் தட்ட வேண்டும். ஓரெழுத்தை விரலே தட்டிவிடுமாம், முழுச்சொல்லுக்குத்தான் மனுஷன் வேண்டுமாம்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது சிரித்துத் தலையாட்டிய பெண்ணிடமும் இதே கறார்தான். "கையெழுத்தும் போடணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் வாய்திறந்து சம்மதம் சொன்னார். இருபது வருடமாக வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு இந்தக் கதையும் கிடைக்கும்.

பிழை திருத்தும் அக்காவுக்கு மட்டும் இந்த முழுச்சொல் வேப்பங்காய். நாளைக்கு முப்பது "ஆமாம்" போட்டு விரல் தேய்கிறது என்று ஒரு மாதம் நச்சரித்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். போன வாரம் இவரும் நகர்ந்தார். ஒரே ஒரு வரி எழுதி எல்லாக் கேள்விகளுக்கும் பதிலை ஓரெழுத்தாக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று மூன்று மணி. அக்கா திருத்திக்கொண்டிருந்த பகுதி ஐந்து மணிக்கு அச்சுக்குப் போயாக வேண்டும். கை தவறி ஏதோ விசையில் பட்டது. சேமிக்காத திருத்தங்களைத் தூக்கி எறியவா என்று அடிவரி கேட்டது. அக்கா படிக்கக்கூட இல்லை, விரல் "ஆ" போட்டுவிட்டது. காலையிலிருந்து செய்த இருநூறு திருத்தங்களும் போயே போய்விட்டன.

கேள்விக்காரர் ஓடி வந்தார். எடிட்டர் தானாக எடுத்து வைத்த நகல் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அவர் தொடவில்லை. முதலில், தான் எழுதிய அந்த ஒரு வரியைத் தேடிப்பிடித்து அழிக்க ஆரம்பித்தார்.

"வீடு பத்தி எரியுது, நீங்க பூட்டு மாட்டிக்கிட்டு இருக்கீங்க" என்று அக்கா பல்லைக் கடித்தார்.

"பூட்டைக் கழட்டினதே நான்தானே அக்கா" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

பிறகுதான் நகலை அழைத்தார். இதிலிருந்து மீட்கவா என்றது அடிவரி. இவர் எழுந்து, நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா உதடு அசையக் கேள்வியை இரண்டு தடவை படித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, என்டரை அமுக்கினார். திருத்தங்கள் அத்தனையும் வந்து உட்கார்ந்தன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே முழுச்சொல்லே இருக்கட்டுமா அக்கா?"

அக்கா வேகமாகத் தலையாட்டினார். கேள்விக்காரர் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அக்காவின் வாயையே பார்த்தபடி நின்றார்.