ஆயில் கூலரும் சாமந்தி மாலையும்

டர்போ வைத்த வேகமான காருக்குத் தனியாக ஓர் ஆயில் கூலர் வேண்டுமா, வேண்டாமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் என் மெக்கானிக்கின் உயிரை வாங்கினேன். அவன் கடை திருப்பதியில், ரேணிகுண்டா சாலையில். நான் இருப்பது சித்தூரில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சட்டைகூட மாற்றாமல் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

ரேடியேட்டர் எல்லோருக்கும் தெரியும், எஞ்சினைச் சுற்றும் தண்ணீரை ஆற்றுவது. ஆயில் கூலர் அதற்குத் தம்பி. எஞ்சின் ஆயிலைக் குழாயில் வெளியே கொண்டுவந்து, முன்பக்கக் காற்றில் ஆற்றித் திருப்பி அனுப்பும். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றுகிற சின்னக் காற்றாடி. நெருப்புக்குப் பக்கத்திலேயே அதற்குக் குடித்தனம். அதன் தண்டு தேயாமல் காப்பது ஆயில்தான். அந்த ஆயில் கொதித்துத் தளர்ந்துபோனால் டர்போவின் கதை முடிந்தது. ஆகவே கூலர் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி.

மெக்கானிக் கட்சி வேறு. "ரேஸ் ட்ராக்குல அர மணி நேரம் மிதிச்சிக்கினே இருக்கியா, போடு. சித்தூருக்கும் திருப்பதிக்கும் போய்க்கினு வர்றதுக்கு இன்னாத்துக்கு? ஃபில்டர்கிட்டயே கம்பெனிக்காரன் சின்னதா ஒண்ணு வச்சிருக்கான், ரேடியேட்டர் தண்ணியே ஆயிலயும் ஆத்துது. நீ புதுசா நாலு குழா போட்டா, லீக் ஆவறதுக்குப் புதுசா நாலு எடம். காலைல ஆயில் சூடு ஏறவும் ஏறாது. நா மாட்ட வினு, சொன்னாக் கேளு." கோபம் வந்தால் அவனுக்குத் தெலுங்கும் சேர்ந்து வரும்.

கேட்கிற பிறவி நான் இல்லை. மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் பாய்லர் என் பொறுப்பு. சீசன் முழுக்க சூட்டு மானியைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. எதைச் சூடாக்க வேண்டும், எதை ஆற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்கிற திமிர் உண்டு. யாராவது கார் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணப் பந்தியாக இருந்தாலும் திருத்தாமல் விடமாட்டேன். இதனால் எனக்குச் சில நண்பர்கள் குறைவு.

அப்படி இருக்கும்போதுதான் மாமனார் திருப்பதி மலைக்கு வருகிறேன் என்றார்.

அவர் நகரிப் பக்கம் கரும்பு வைத்திருக்கிறவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மகளும் நானும் சித்தூரில் எங்கள் சபைக் கோவிலில் கல்யாணம் செய்துகொண்டபோது அவர் வரவில்லை. அந்த நேரத்தில் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம் மகளோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போனில் பேச்சு வந்தது. என்னோடு வரவில்லை. நான் போனை எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு கட்டாகிவிடும். செகண்ட் ஹாண்டில் ஒரு வேகக் கார் வாங்கியிருக்கிறோம் என்று என் மனைவி சொன்னதற்கு, "யாரு கையில இருந்த வண்டியோ. அலிபிரில பூசை போட்டு மலைக்கு எட்துனு போவணும். நானும் வரேன்" என்றிருக்கிறார். எங்கள் சபைப் போதகர் ஏற்கெனவே காருக்கு ஜெபம் செய்தாகிவிட்டது. அதை நான் மூச்சுவிடவில்லை. இவர்களை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு நான் வண்டியோடு காத்திருப்பது என்று ஏற்பாடு. மனைவி இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. "நைனா வர்றார்ங்க. நீங்க எதுவும் பேசிடாதீங்க, போதும்" என்றாள்.

ஆவணி மாதத்து ஞாயிறு, வெயில் ஏறியிருந்தது. ஆராதனைக்குப் போகாத ஞாயிறு எனக்கு அபூர்வம். மலையடிவாரத்தில், அலிபிரியில் கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி எல்லாம் ஆனபின், மாமனார் ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்தார். என் முழங்கை தடிமன் இருக்கும். தானே குனிந்து, காரின் முகத்தில் குறுக்காக மூன்று சுற்றுச் சுற்றி, வாழைநாரால் முடிச்சுப் போட்டார். உதவிக்குக் கை நீட்டிய பூக்கடைக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார். என் வண்டிக்கு, அவர் கையால்.

மலைப்பாதையில் நுழையும்போது நேரம் குத்திய சீட்டு ஒன்று தருவார்கள். குறித்த நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் தண்டம். வேகத்துக்கென்றே செய்த வண்டியை அங்கே மாட்டுவண்டி மாதிரிதான் ஓட்ட வேண்டும். பேருந்துகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தேன். அப்பாவும் மகளும் பின்சீட்டில். என் பக்கத்துச் சீட்டு காலி.

"ஏசியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லும்மா."

"கொறைச்சாச்சுன்னு சொல்லு."

இரண்டடி தூரத்தில் இருக்கும் இரண்டு ஆண்களுக்கு நடுவில் பாவம் அவள் மொழிபெயர்ப்பாளராக வந்தாள்.

நாலைந்து வளைவு ஏறியதும் ஆயில் சூடு டாஷ்போர்டுத் திரையில் நூற்றுப் பதினைந்து டிகிரியைத் தொட்டது. வழக்கமாக நூற்றுப்பத்தைத் தாண்டாது. நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்திரண்டு. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் எப்போதும்போல நடுவில் நின்றது, அது சுலபத்தில் உண்மையைச் சொல்லாது. முன்னால் ஃபேன் அலறியது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது சந்தோஷம். பார்த்தாயா, கூலர் வேண்டும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேனே! மெக்கானிக்கை நாளைக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்.

அப்போது முன்னால் ஒரு பால் டேங்கர் வந்து சேர்ந்தது. அதன் எவர்சில்வர் முதுகில் என் காரின் முகம் தெரிந்தது. வாய் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடம் முழுக்க மஞ்சள். ஃபேன் இழுத்த இழுப்பில் மாலை கிரில்லோடு ஒட்டிப் பலகைபோல அடைத்திருந்தது. காற்றே உள்ளே போகவில்லை. அந்த முகத்தில் பத்து கூலர் மாட்டியிருந்தாலும் ஒரு பைசா பிரயோஜனம் இருந்திருக்காது. பாய்லர் பார்க்கிறவனுக்கு இது கட்டும்போதே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மாலை கட்டிய கை மட்டும்தான் தெரிந்திருந்தது.

மாலையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். எடுப்பது யார்? ஒன்பது வருஷம் கழித்து மனிதர் மனசிறங்கித் தன் கையால் கட்டிய பூசை மாலையை, பாதி மலையில், கிறிஸ்தவ மருமகன் பிடுங்கினான் என்றால் என்ன ஆகும்? அவர் அடுத்த பேருந்தைப் பிடித்து நகரிக்குப் போய்விடுவார். இவள் மறுபடி பழையபடி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு எஞ்சின் போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

கோழைகளுக்கு என்று ஒரு வழி இருக்கிறது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்தால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் காருக்குள்ளே வந்துவிடும். ஜன்னல்களை இறக்கிவிட்டு அதைச் செய்தேன். ஆவணி வெயிலில், மாமனாரை வைத்துக்கொண்டு.

"இன்னாத்துக்கும்மா உள்ள அனல் அடிக்குது? கேளு."

அவள் கேட்டாள். நான் திரையைப் பார்த்தேன். நூற்று இருபத்தேழு. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தார். கண்ணாடியில் பார்த்தேன், வயசான மனுஷன், கழுத்தெல்லாம் வேர்வை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்த அகன்ற வளைவில் ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைக்கவில்லை, சூடான டர்போவை உடனே நிறுத்தக் கூடாது. திரும்பி, மனைவியைப் பார்க்காமல், அவரையே பார்த்துச் சொன்னேன்.

"மாமா, மாலை காத்த அடைக்குது. எஞ்சின் சூடாவுது. நான் அத்தத் தொட மாட்டேன். நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செய்றேன்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கதவைத் திறந்து இறங்கினார். முன்னால் போய்ப் புறங்கையைக் கிரில் பக்கம் கொண்டுபோனார், சுரீரென்று இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நேராக.

"தோட்டத்து மோட்டார்மேல கோணியப் போட்டு மூடுவனா நானு? கட்டசொல்லவே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கட்டினதுன்னு…"

"நான் கட்னா? நான் இன்னா புலியா, சிங்கமா? வாயத் தொறந்து சொல்றதில்ல, வூட்டுப் பொண்ணயும் பெத்தவனயும் உள்ள வச்சி வேவ வைக்கிறியே!"

ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். திட்டுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். கிரில் வலைக்குள் இழுபட்டுப் போயிருந்த இதழ்களை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி விரலால் நோண்டி எடுத்தோம். "பூவு வெந்தே போச்சு பாரு" என்று ஒரு பிடியை என்னிடம் காட்டினார். உள்ளங்கையில் வைத்தால் இன்னும் சுட்டது.

பூசை மாலையைத் தரையில் போட முடியாது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தவர், பின்கதவைத் தாண்டி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார், மாலை மடியில். "எதுல தெரியுது சூடு?" என்றார். திரையைக் காட்டினேன். அதற்கப்புறம் ரோட்டைப் பார்க்கவே இல்லை அவர்.

"நூத்தி இருவத்தி நாலு."

அடுத்த வளைவில், "இருவதுக்கு வந்துச்சி."

"நூத்திப் பதினஞ்சு. எறங்குது, எறங்குது. நீ பாட்டுக்கு ஓட்டு."

கண்ணாடியில் பார்த்தால் பின்சீட்டில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூலர் விஷயம் அன்றோடு தீர்ந்தது. நம் ரோட்டுக்கு, காற்றோட்டம் சரியாக இருந்தால், கம்பெனி வைத்ததே போதும். ட்ராக்கில் ஓட்டுகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மெக்கானிக்கிடம் தோல்வியை ஒப்புக்கொண்டேன். அவன் நம்பவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

அன்று மேலே வண்டியை நிறுத்தியபோது திரையில் நூற்றெட்டு. மாமனார் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு இறங்கினார். மாலையை மகள் கையில் கொடுத்து வேட்டியை உதறிக் கட்டினார். நாலடி நடந்தவர் திரும்பி வந்து, ஜன்னலில் கை வைத்து உள்ளே குனிந்தார்.

"கீழ போவசொல்லவும் நான் முன்னாடியே குந்திக்கிறேன். நீ ரோட்டப் பாரு. சூட்ட நான் பாத்துக்கறேன்."

இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையே கிடையாது. ஆயில் சூடாகாது, தானாகவே ஆறிக்கொண்டு வரும், பார்த்துக்கொண்டிருக்க ஒன்றுமே இல்லை. சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

"சரி மாமா" என்றேன்.