அணைக்கட்டுப் பாதையின் பதினான்கு பலகைகள்

சரளை லாரி ஒன்றை மறித்து, கையை நீட்டி நடுப்பாதையில் நின்ற ஆன்ட்டியின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளில், டெக்சாஸ் பொட்டல்காடு ஒன்றில் அணை கட்டிக்கொண்டிருந்தோம். இன்று அங்கே படகு விடுகிறார்களாம். நான் இளநிலை என்ஜினியர். நாகர்கோவில்காரரான ஆன்ட்டி பக்கத்து ஊர் ஆம்புலன்ஸில் நர்ஸ். நெஞ்சுவலியில் விழுந்த ஒருவரைத் தேடித்தான் அன்று சுற்றிக்கொண்டிருந்தார். போன் செய்த எங்கள் தமிழ் நண்பர், புளியமரத்தை அடையாளம் சொல்லும் நம் வழக்கப்படி, 'சிவப்பு கிரேனுக்குப் பக்கத்தில்' என்று சொல்லியிருந்தார். கிரேனை முந்தின நாளே வேறிடத்துக்கு நகர்த்திவிட்டார்கள். விழுந்தவர் பிழைத்தது அவர் அதிர்ஷ்டம்.

மறுநாள் ஆன்ட்டி எங்கள் மேனேஜரிடம் போய், பாதை நெடுக எண் பலகை கேட்டார். பாதையே அடிக்கடி மாறும்போது பலகை எதற்கு என்று அவர் கையை விரித்துவிட்டார். உயிர் என்றால் கிள்ளுக்கீரையா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. ஆன்ட்டி கோபப்படவே இல்லை.

"தம்பி, எங்க மலைக்கோயில் கூட்டத்துல யாரும் தொலைய மாட்டாங்க. அஞ்சாம் ஸ்தலத்துல நில்லுன்னா போதும், கண்டுபிடிச்சிடலாம்" என்றார்.

இயேசு சிலுவை சுமந்ததை நினைத்து வணங்கும் பதினான்கு இடங்கள் அவை. பழனிப் படி ஏறி வளர்ந்த எனக்கு விளக்க வேண்டியிருந்தது. லாரி ஓட்டிய மெக்சிகோக்காரர்கள் கத்தோலிக்கர்கள்; அவர்களுக்குப் பாதிச் சொல்லிலேயே புரிந்துவிட்டது. அவர்களே பலகை அறுத்து, ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் எழுதி நட்டார்கள். பாதை நகர்ந்தால் பலகையையும் பிடுங்கி நகர்த்தினார்கள். ரேடியோவில் எண் கேட்டால் லாரிகள் ஓரம் கட்ட வேண்டும் என்பதும் அவர்களே போட்ட சட்டம்தான்.

மழை ஓய்ந்த ஒரு காலையில், சரிவில் லாரி ஒன்று கவிழ்ந்தது. ஓட்டுநரின் கால்கள் உள்ளே நசுங்கி, ரத்தம் நிற்காமல் போனது. ரேடியோவில் "நைன், நைன்" என்ற குரல் மட்டும் கேட்டது. லாரிகள் வரிசையாக ஒதுங்க, ஆம்புலன்ஸ் ஓரிடத்திலும் தயங்காமல் ஒன்பதாம் பலகையில் வந்து நின்றது. உயிரோடு அவரை ஏற்றியபோது நாங்கள் தொப்பிகளைக் கழற்றி வீசினோம். நான் அழுதும்விட்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த வாரம் மேனேஜரே ஆன்ட்டியைத் தேடிப் போய், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார்.

"பதினாலாவது ஸ்தலம் கல்லறை, தம்பி. அங்கயா கொண்டுபோய் முடிக்கிறது? இயேசு உயிர்த்தெழுந்ததுக்கும் ஒண்ணு போடச் சொல்லு."

இன்னும் ஒரு பலகை என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னேன். பதினைந்தாவதை வேலைத்தள வாசலில் அறைந்தது, சில மாதங்கள் கழித்து ஊன்றுகோலோடு திரும்பி வந்த அந்த ஓட்டுநர்தான். சுத்தியலை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.