சிவப்புக் கவுண்டியும் அண்ணையின் தொண்டையும்

ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் மேசை வேலை, எந்தக் கவுண்டியில் எத்தனை ஆண்கள் புற்றுநோயால் இறந்தார்கள் என்று கொம்பியூட்டரில் அடிப்பது. அதற்கு முன் ஒரு பேக்கரியில் பண்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கதிரையில் இருந்து செய்கிற வேலை என்றதும் என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் சம்மதித்துவிட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நகரத்தின் மல்வேர்ன் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு ரவுண்ஹவுஸில் நானும் கணவரும் என் அண்ணையும் இருந்தோம். காலையில் பஸ், பிறகு சப்வே, பிறகு பத்து நிமிட நடை. ஒபிஸ் கதவைத் திறந்தால் இறந்துபோன ஆண்கள் வரிசை வரிசையாகக் காத்திருப்பார்கள்.

பெயர்கள் இருக்காது. வயது, இறந்த வருடம், எந்த உறுப்பில் நோய், எந்தக் கவுண்டி, அவ்வளவுதான். கவுண்டி என்றால் நமது மாவட்டம் மாதிரி. முதல் கிழமை மனம் கனத்தது. மூன்றாம் கிழமை, மத்தியானத்துக்கு என்ன கட்டிக்கொண்டு வந்தேன் என்பதே பெரிய யோசனையாகிவிட்டது.

என் மேலதிகாரி ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடுதான் ஒபிஸுக்குள் நடமாடுவார். ஒருநாள் மாகாணத்தின் படத்தை என்னிடம் தந்து கவுண்டிகளுக்கு நிறம் தீட்டச் சொன்னார். இறப்பு விகிதம் குறைந்த இடத்துக்கு மஞ்சள், கூடினால் செம்மஞ்சள், மிகவும் கூடினால் சிவப்பு. நிறத்தில் அச்சடிக்கும் பிரிண்டர் பக்கத்து அறைக்காரரிடம் இருந்தது. அவரோடு இவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே நிறப் பென்சில்.

வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடியாததால் படத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை காலை குசினி மேசையில் விரித்து வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தபோது அண்ணை தேத்தண்ணியோடு வந்து குனிந்து பார்த்தார்.

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஒரு வெயர்ஹவுஸில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டினார். அந்த மாதம்தான் அவருக்கு நல்ல வேலை ஒன்று அமைந்திருந்தது. காரில் இரண்டரை மணி நேரம் தள்ளி, ஒரு சின்ன நகரத்துப் பக்டரியில் நிரந்தர வேலை. பல் வைத்தியத்துக்கும் கண்ணாடிக்கும்கூடக் கொம்பனியே காசு கட்டும்.

"என்ன பிள்ளை, சின்னப்பிள்ளையள் மாதிரி நிறம் தீட்டிக்கொண்டிருக்கிறாய்?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் போற இடம் இதிலை எங்கை?"

விரலை வைத்துக் காட்டினேன். சற்று முன்னர்தான் அழுத்தி அழுத்திச் சிவப்புத் தீட்டியிருந்தேன். அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார்.

"நான் உங்கை போகமாட்டன்."

என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "மச்சான், படத்தைப் பாத்து வேலையை விடுற ஆளை நான் இப்பதான் காணுறன்."

"அப்ப நீ போய் இருந்து காட்டு. சாகேல்லை எண்டால் பிறகு நான் வாறன்."

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு பழைய வருடங்களின் தாள்களை எடுத்து வந்து என் முன்னால் பரப்பினார். "ஒரு வருடத்தை மட்டும் பார்க்காதே. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்" என்றார்.

அந்தச் சிவப்புக் கவுண்டி முந்திய வருடம் மஞ்சளாக இருந்தது. அதற்கு முந்திய வருடம் செம்மஞ்சள். அங்கே ஆட்கள் குறைவு. இரண்டு மூன்று பேர் கூடுதலாக இறந்தாலே நிறம் மாறிவிடும். வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால் அயல் கவுண்டிகளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் சொன்னார். இளம் ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்ட இடங்களில் வயதானவர்களே மிஞ்சியிருப்பார்கள். அந்த வயது வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் இடத்திலேயே ஏதோ நோய் இருப்பதுபோலத் தெரியும். நாங்கள் வயதையும் கணக்கில் எடுத்துத்தான் நிறம் தீட்டினோம். ஆனால் ஆட்கள் குறைவு என்பதை அதனாலும் சரிக்கட்ட முடியாது.

அன்று பின்னேரம் அண்ணையைப் பிடித்து இருத்தினேன்.

"எங்கட வீட்டிலை ரெண்டு ஆம்பிளையள். ஒராளுக்குக் காய்ச்சல் எண்டால் பாதி ஆம்பிளையளுக்குக் காய்ச்சல். உந்தப் பெரிய பில்டிங்கிலை ஒராளுக்குக் காய்ச்சல் எண்டால் ஆருக்கும் தெரியவும் வராது. அதுக்காக எங்கட வீடு நோய் பிடிச்ச வீடோ?"

கணவர் கை தட்டினார். அண்ணை தட்டவில்லை.

"விளங்குது பிள்ளை. எண்டாலும் நான் போகேல்லை." சட்டைப் பையிலிருந்து சிகரட் பெட்டியை எடுத்தார். "உன்ரை பேப்பருகளிலை தொண்டையும் இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

அப்போதுதான் அவருடைய குரலைக் கவனித்தேன். வெயர்ஹவுஸ் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பழகியவர் அண்ணை. உப்பைக் கேட்பதென்றாலும் அயல்வீட்டுக்குக் கேட்கும். கொஞ்ச நாளாக வீடு அமைதியாக இருந்தது. மனுசனுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று நானும் கணவரும் எங்களுக்குள் சந்தோஷப்பட்டிருந்தோம்.

"எவ்வளவு நாளா இப்பிடிக் கரகரக்குது?"

"நத்தாருக்கு முன்னம் துவங்கினது."

கிறிஸ்மஸ் முடிந்து மூன்று மாதமாகி, வெளியே பனி உருகத் தொடங்கியிருந்தது. "டொக்டரிட்டைப் போனீங்களோ?"

"போனால் சொல்லிப்போடுவாங்களெல்லே."

அவர் பயந்தது கவுண்டிக்கு அல்ல, தன் தொண்டைக்கு. கையில் சிகரட் பெட்டியைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. காலையிலிருந்து மாலைவரை முன்பின் தெரியாத ஆண்களின் தொண்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரே மேசையில் சாப்பிடுகிறவரின் தொண்டை கேட்கவில்லை.

அடுத்த நாள் ஒபிஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். குடும்ப டொக்டர் விசேஷ நிபுணரிடம் அனுப்பினார். அந்த நிபுணர் அண்ணையின் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்துபோனது. குரல் நாணில் சின்னக் கட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டிச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை மூன்று பேரும் வீட்டில் படத்தைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ பேசவில்லை. கணவர் மட்டும் வழக்கத்துக்கு மாறாகப் பாத்திரங்களை எல்லாம் கழுவி வைத்தார்.

புற்றுநோய் இல்லை. கத்திக் கத்தியும் புகைத்துப் புகைத்தும் வந்த கட்டியாம். மிச்சத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு கிழமைக்கு வாயே திறக்கக் கூடாது என்றார் டொக்டர். அண்ணை கொப்பி ஒன்றை வைத்து எழுதிக் காட்டினார். அந்த ஒரு கிழமையும் எல்லா வாக்குவாதத்திலும் என் கணவரே வென்றார். எட்டாம் நாள் காலை அண்ணையின் முதல் வார்த்தை, "உவன் ஒரு பச்சைக் கள்ளன்." சிகரட்டை அவர் மூன்று தரம் விட்டார். மூன்றாவது தரம் மெய்யாகவே விட்டார்.

போகமாட்டேன் என்று அண்ணை எங்களிடம்தான் சொல்லியிருந்தார். பக்டரிக்காரர்கள் இடத்தை அவருக்காக வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் காரின் கூரையில் மெத்தையைக் கட்டி அவரைக் கொண்டுபோய் விட்டோம். ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை. யன்னலைத் திறந்தால் வயல். அரிசி மூட்டையையும் மிளகாய்த்தூள் போத்தலையும் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினோம். வழியில் அந்தச் சிவப்புக் கவுண்டியின் வீதியோரத்திலேயே ஒரு கூடை ஸ்ரோபெரிப் பழம் வாங்கினோம். மல்வேர்ன் வந்து சேருமுன் கூடை காலியாகிவிட்டது.