அபூர்வ காரும் சும்மா கிடைத்த தங்கையும்

அந்தப் பட்டறையில் யாரும் சாக்பீஸால் கோடு கிழிக்கவில்லை. ஆனாலும் கோடு இருந்தது. இஞ்சின் அண்ணனுடையது. மிச்சம் மீதி தங்கையுடையது. மிச்சம் மீதி என்றால் கதவு, கூரை, தரை, மட்கார்டு, டிக்கி, அதாவது ஒரு வண்டியை வண்டி என்று பார்த்தவுடன் சொல்ல வைக்கிற அத்தனையும். அதற்குப் பெயர்தான் மிச்சம் மீதி!

அக்கம்பக்கத்தில் அவளை டிங்கரக்கா என்பார்கள். அண்ணனிடம் தகரம் தட்ட இருந்த டிங்கர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, டீ கொண்டு வந்த தங்கை சுத்தியலை எடுத்தாள். அன்று எடுத்ததைக் கீழே வைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுவரில் மோதிச் சப்பளிந்து வரும் கதவை மடியில் குழந்தையைப் போடுவதுபோலப் போட்டுக்கொண்டு உள்பக்கம் நாலு தட்டு, வெளிப்பக்கம் ரெண்டு தட்டு தட்டுவாள். ஒடுக்கு போன இடம் தெரியாது. பட்டிப் பசையை அப்பி மறைக்கிற வேலை அவளுக்குப் பிடிக்காது. "தகரத்தை நேராக்கத் தெரியாதவன்தான் பட்டியைத் தேடுவான்" என்பாள்.

அண்ணனுக்கு ஒரு பல்லவி உண்டு. வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம், தங்கை பக்கத்தில் நிற்கும்போதே பாடுவார். "இஞ்சின்தான் சார் உயிரு. பாடி என்ன, வெறும் தகரம்!" இத்தனைக்கும் அந்த உயிரைத் தேடி இப்போது பட்டறைக்கு யாரும் வருவதில்லை. புது வண்டிகளின் பானெட்டைத் திறந்தால் கறுப்பு மூடிதான் தெரிகிறது, அதற்குள் என்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். அண்ணன் பக்கத்தில் ஒரு நாற்காலியும் செய்தித்தாளும் மிஞ்சின. ஆனால் ஜனங்கள் கேட்டில் உரசுவதை நிறுத்தினார்களா? தூணில் இடிப்பதை நிறுத்தினார்களா? தங்கை பக்கம் வண்டிகள் வரிசையில் நின்றன. பட்டறையின் அடுப்பு எந்தக் கையால் எரிகிறது என்று கேட்க ஒரு நாதி இல்லை.

மாதம் பிறந்தால் அண்ணன் அவள் கையில் கொஞ்சம் பணத்தைத் திணிப்பார். "வீட்டுச் செலவுக்கு வச்சுக்கோம்மா." அதை ஒரு நாளும் சம்பளம் என்று சொன்னதில்லை. அவள் புருஷன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சில்லறை விஷயத்தில் கறார். "உங்கண்ணன் குடுக்கறது சம்பளமா, தர்மமா?" என்று கேட்பார். "அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன கணக்கு? உங்களுக்கு எல்லாத்துக்கும் டிக்கெட் கிழிக்கணும்" என்று அவர் வாயை அடைப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணியின் தம்பி ஒரு கார் செய்தியோடு வந்தான். பழைய கார்களுக்குத் தரகு பார்க்கிறவன் அவன். பேசினால் வாயிலிருந்து தேன் ஒழுகும், துடைக்க நமக்குத்தான் துணி வேண்டும்.

"மாமா, ரெண்டு பேர் மட்டும் உக்கார்ற வண்டி. மேல கூரை கிடையாது. உலகத்துல மிஞ்சிப் போனா நாப்பது இருக்கும். அதுல ஒண்ணு நம்ம கைக்கு வருது. ஓடாது, வாங்கிப் பழையபடி கொண்டு வரணும். கொண்டு வந்துட்டா நாம வச்சதுதான் விலை."

அண்ணன் முகத்தில் பல வருஷமாகக் காணாத வெளிச்சம். அன்று சாயங்காலமே தங்கையிடம் வந்து, "நாளைக்கு நீயும் வாம்மா. ஒரு பார்வை பார்த்துச் சொல்லு" என்றார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அண்ணன் அவளிடம் ஒரு வண்டியைப் பற்றி அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. டார்ச், சின்னச் சுத்தியல், துணி சுற்றிய காந்தம் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தாள். "இந்தத் தரகுக்காரன் எங்கண்ணன் தலையில எதையாவது கட்டப் பார்க்கறான். நான் விடறதா இல்லை" என்று புருஷனிடம் மார்தட்டினாள். அவர், "பார்த்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கார் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், தார்ப்பாய்க்குள் இருந்தது. காரின் சொந்தக்காரர் பழைய சாமான்கள் சேர்ப்பவர். கையில் டீக் கோப்பையோடு வரவேற்றார். தார்ப்பாயை விலக்கினார்கள். தூசி என்றால் தூசி, விரல் புதைகிற தூசி. அவள் துணியை எடுத்துத் துடைக்கப் போனாள். தரகன் பதறிப்போய் ஓடி வந்தான்.

"ஐயோ அக்கா, தொடாதீங்க! தூசிகூட ஒரிஜினல். துடைச்சா ரேட் இறங்கிடும்."

கேட்டீர்களா கூத்தை! வீட்டில் பெண்பிள்ளை ஒரு நாள் பெருக்காமல் விட்டால் சோம்பேறி என்கிற உலகம், பணக்காரன் வீட்டுத் தூசிக்குத் தனியாக விலை போடுகிறது.

அண்ணன் நேராகப் போய் பானெட்டைத் தூக்கினார். அப்புறம் அவர் இந்த லோகத்தில் இல்லை. "அடடா" என்றார், "அடடடா" என்றார், இஞ்சினைத் தடவினார், எண்ணெய்க் கம்பியை உருவி மோந்து பார்த்தார். இஞ்சின் அசல்தான், அதில் சந்தேகம் இல்லை.

தங்கை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனாள். முழங்கால் ரெண்டும் முனகின. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தாள். முன்பக்கத் தகரத்தில் காந்தம் கப்பென்று ஒட்டியது. கதவைத் தாண்டியதும் நழுவி அவள் நெற்றியிலேயே விழுந்தது. உள்ளே விரல் கனத்துக்குப் பட்டி. சுத்தியலால் தட்டினால் தகரச் சத்தம் வரவில்லை, மரப்பலகைச் சத்தம் வந்தது. இன்னும் உள்ளே நகர்ந்தாள். இருக்கைகளுக்குக் கீழே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, தாரைப் பூசி மறைத்த ஒரு வெல்டிங். அதற்கு அப்பால் வண்டித் தரையில் வரிசையாக நாலு ஓட்டைகள். ரெண்டு பேர் மட்டும் உட்காருகிற காரில், பின்சீட்டு மாட்டுகிற ஓட்டைகள்!

தலையெல்லாம் துரு கொட்ட வெளியே வந்தாள். அண்ணன் காப்பாற்றப்பட்டுவிட்டார் என்கிற நிம்மதி ஒரு பக்கம், இவ்வளவு பெரிய பித்தலாட்டமா என்கிற கோபம் ஒரு பக்கம்.

"அண்ணே, வா போலாம். இது ஒரு வண்டியே இல்லை, ரெண்டு வண்டி. முன்பாதி நீ சொல்ற அபூர்வம். பின்பாதி எவனோ பெண்டாட்டி பிள்ளைங்களோட போய் வந்த சாதா வண்டி. நடுவுல அறுத்து ஒட்டியிருக்காங்க. ஒட்டுக்குப் பின்னாடி தகரத்தைவிடப் பட்டிதான் அதிகம்."

சொந்தக்காரர் நிதானமாக டீ குடித்தார். தரகன் மோட்டுவளையைப் பார்த்தான். அண்ணன் பானெட்டுக்குள்ளிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"மச்சான் அப்பவே சொல்லிட்டான். அதனாலதானே நம்ம சக்திக்கு ஏத்த விலைக்கு வருது. பின்பாதியைப் புதுசா அடிச்சு மாட்டிட்டா தீந்துது."

"யாரு அடிக்கிறது?"

அண்ணன் இப்போது நிமிர்ந்தார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "அதுக்குத்தான் நீ இருக்கியே!"

தரகன் உற்சாகமாகப் பேச்சில் நுழைந்தான். "வெளியில குடுத்தா பாடி வேலையே வண்டி விலையைத் தாண்டிடும் அக்கா. நமக்கு அந்தச் செலவு சுத்தமா இல்லை. வீட்டு ஆளு!"

"குடுத்து வச்சவர் நீங்க" என்று சொந்தக்காரர் அண்ணனைப் பாராட்டினார்.

எப்படி இருக்கிறது பாருங்கள். வண்டிக்கு விலை பேசியாகிவிட்டது, தரகுக்குப் பேசியாகிவிட்டது, தூசிக்குக்கூடப் பேசியாகிவிட்டது. அவள் ரெண்டு கைக்கு மட்டும் பேச ஒன்றும் இல்லையாம். வண்டி தேறுமா தேறாதா என்று பார்க்க அவளை யாரும் அழைத்து வரவில்லை.

"அப்ப என்னை எதுக்குப் பார்க்கச் சொன்னே?" என்று கேட்டாள்.

"எவ்வளவு நாளாகும்னு நீ பார்த்தாத்தானே தெரியும்?"

"மூணு வருஷம் ஆகும்."

"ரெண்டுல முடிச்சிடலாம் அக்கா" என்றான் தரகன், அவன்தான் படுத்துத் தட்டப் போகிறவன் மாதிரி.

"மூணு வருஷம்" என்று அவள் அண்ணனைப் பார்த்தே சொன்னாள். "வர்ற வேலையை யாரு பார்க்கறது?"

"பகல்ல அதைப் பாரு. சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் இதைப் பாரு. உனக்குத் தெரியாததா?"

"கூலி எவ்வளவு?"

அண்ணன் சிரித்தார். அவள் ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்றே நினைத்தார். "தங்கச்சிகிட்ட யாராவது கூலி பேசுவாங்களா?"

"பேசணும் அண்ணே. இத்தனை வருஷம் பேசாம இருந்தேனே, என்னைத்தான் செருப்பால அடிக்கணும். கூலி என்னன்னு இங்கயே சொல்லு, இவங்க முன்னாடியே சொல்லு. இல்லேன்னா அந்தப் பின்பாதியை நான் தொட மாட்டேன்."

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வெளி மனுஷங்க முன்னாடி என்ன பேச்சு இது? ஊர்ல நீ ஒருத்திதான் டிங்கரா? வெறும் தகரம் தட்டற வேலை! நாலு இடத்துல கேட்டா நாப்பது பேர் வருவான்."

"கேளு" என்றாள். பையை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அண்ணன் நிஜமாகவே கேட்கக் கிளம்பினார். அவர் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கின அந்த நாட்களில் அவள் ஒரு வேனின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடப் பலமாகத் தட்டினாள், பாவம் வேன். கூலி இல்லை என்பதுகூட இல்லை, கேள்வியே அண்ணனுக்குப் புரியாமல் போனதே, அதுதான் தாங்கவில்லை. புருஷன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவரோடு சண்டை போட்டு ஆறியிருப்பாள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் பட்டறைக்குத் திரும்பினார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவராகவே பேச்சை எடுத்தார்.

"ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கறான். கூலியைக் கேட்டா மயக்கம் வருது. பாலத்தடி ஷெட்காரன் என்ன சொன்னான் தெரியுமா? உங்க தங்கச்சியை எங்க ஷெட்டுக்கு நிரந்தரமா அனுப்பிடுங்க, உங்க காரை என் ஆளுங்க சும்மாவே செஞ்சு தருவாங்கங்கறான். எவ்வளவு திமிரு பாரு! எந்தங்கச்சியை எங்கிட்டயே கேக்கறான்!"

அவளுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. அண்ணன் தனக்காகக் கோபப்படுகிறார். சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"நீ என்ன சொன்னே?"

அண்ணன் செய்தித்தாளை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

வேன்காரன் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தான். அவள் அந்த வேலையை முடித்தாள், ஒடுக்கு இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள், வழவழவென்று இருந்தது. பிறகு தன் சுத்தியல்களைப் பையில் அடுக்கினாள். "சீக்கிரமே கிளம்பறியா?" என்று அண்ணன் கேட்டார். "ஆமா" என்றாள்.

மறுநாள் காலையில் பாலத்தடி ஷெட்டின் கதவு திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றாள். ஷெட்காரரால் நம்பவே முடியவில்லை. சாவி கையிலேயே இருந்தது.

"உங்கண்ணன் யோசிச்சுச் சொல்றேன்னாரே அக்கா?"

"அவரு யோசிக்கட்டும். அந்தக் காருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைச் சாக்கா வச்சு எங்கூலியில ஒரு பைசா பிடிக்கக் கூடாது" என்று அவள் பையை இறக்கினாள். "முதல்ல கூலியைப் பேசிடுவோம். எங்கிட்டப் பேசுங்க."