சில்வர் குளோரைடும் வாணக்காரர் வெடியுப்பும்

யுத்த பயத்தில் சென்னையைக் காலி செய்தபோது எங்கள் பெண்கள் கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேப் அரியலூரில் வந்து இறங்கியது. ஸ்டேஷன் அருகே ஒரு நெல் கிடங்குதான் லேப். நான் டெமான்ஸ்ட்ரேட்டர். பிராக்டிகல் பரீட்சை நெருங்கிவிட்டது. சில்வர் குளோரைடு செல் என்ற மின்கலச் சோதனை மட்டும் படுத்துக்கொண்டது.

சில்வர் குளோரைடு தண்ணீரில் கரைவது தராசில் நிறுக்க முடியாத அளவு கொஞ்சம். அதனால் ஒரு வெள்ளிக் கம்பியைச் சில்வர் நைட்ரேட்டிலும், இன்னொன்றைச் சில்வர் குளோரைடு கலங்கிய பொட்டாசியம் குளோரைடிலும் வைத்து, நடுவே உப்புக் கரைசல் நிரப்பிய வளைகுழாயை உப்புப் பாலமாகப் போட்டு, பொட்டென்ஷியோமீட்டரில் வோல்ட் பார்ப்போம். அதிலிருந்து, அது எவ்வளவு கரைகிறது என்று காட்டும் மாறிலியான கரைதிறன் பெருக்கத்தைக் கணக்கிடலாம். எங்கள் ரீடிங்கோ நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

"எக்சாமினர் வரப்போறார். இது நிக்கலன்னா பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் போயிடும்மா," என்றார் பிரின்சிபால்.

பீக்கரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பாலத்தின் நுனியிலிருந்து சில்வர் நைட்ரேட்டுக்குள் வெள்ளைப் புகைபோல் ஏதோ இறங்கியது. பாலத்தில் இருந்ததும் பொட்டாசியம் குளோரைடு! கசிந்த குளோரைடு வெள்ளியைப் பிடித்துப் படிய வைக்கிறது. பொட்டாசியம் நைட்ரேட் பாலம் வேண்டும். பாட்டிலோ காலி.

பொட்டாசியம் நைட்ரேட் என்றால் வெடியுப்புதானே! வண்டி பிடித்து, கல்லங்குறிச்சி பக்கம் திருவிழா வாணம் செய்பவரிடம் ஓடினேன்.

"பரீட்சைக்கு வெடியுப்பா?" என்று சிரித்தார். "இந்த வருசம் வாணம் வுடக் கூடாதுன்னுட்டாங்க. சும்மாதான் கெடக்கு, எடுத்துட்டுப் போங்கம்மா."

அதிலும் சோற்றுப்பு கலந்திருந்தது; அதுவும் ஒரு குளோரைடுதான். வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, படிகம் எடுத்து, மறுபடி கரைத்தோம். ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டும் கலங்காதவரை விடவில்லை. புதுப் பாலம் போட்டோம். 0.436 வோல்ட். முள் அசையவில்லை.

"மிஸ், நின்னுடுச்சு!" கிடங்கே அதிர்ந்தது.

பரீட்சையில் சீட்டு எடுத்தபோது அந்தச் செல் ராஜம் என்ற மாணவிக்கு விழுந்தது. அவள் விடையைப் பார்த்து எக்சாமினர் புருவத்தைத் தூக்கினார். "புக்ல இருக்கறத விட ரெண்டு மடங்குக்கு மேல வருதே?"

நான் வாய் திறக்கக் கூடாது. ராஜம் தயங்காமல் சொன்னாள்.

"புக்ல இருக்கறது இருபத்தஞ்சு டிகிரிக்கு சார். இங்க முப்பத்தாறு. சூடு ஏறினா இன்னும் கரையும்."

அவர் தம் தெர்மாமீட்டரைச் செல்லில் வைத்துப் பார்த்தார். முப்பத்தாறு. பிறகு கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "சரிதாம்மா. இந்த வெயில்ல நானே கரையறேன்."

வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதாத எந்த மாறிலியும் பாதி உண்மைதான். அதன்பின் நான் திருத்திய எந்த விடைத்தாளிலும் முதலில் தேடியது அந்த டிகிரியைத்தான்.